உப்புக்கும் சுண்ணாம்புக்கும் நடுவே இரண்டு விநாடி

தப்பு என்று சொல்ல அவருக்கு இரண்டு விநாடி ஆகும்.

நான் பழகியவர்களில் பலருக்கு அதற்கு நேரமே ஆவதில்லை. எதிரில் இருப்பவர் வாயை மூடுவதற்குள் சொல்லி முடித்துவிடுவார்கள். அவர் மட்டும் கீபோர்டின் இடது ஓரத்துக் கட்டைகளின் மேல் மூன்று விரல்களை வைத்துக்கொண்டு, அழுத்தாமல், மழைக்கு ஒதுங்கியவர் மழையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகுதான் அந்த ஓசை வரும். 'டொய்ங்' என்று படியிறங்கும் ஓசை. நீங்கள் சொன்ன பதில் தப்பு, போய் உட்காருங்கள் என்று அதற்கு அர்த்தம்.

எல்லாரும் அவரை மாஸ்டர் என்றார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். செட்டுக்குப் பின்னால் இருந்தவர், பெயரில்லாமல் பின்னாலேயே இருக்கட்டும்.

பதினைந்து ஆண்டுகள் இருக்கும். வேலூரில் ஒரு கேபிள் சேனல் வாரம் ஒரு விளையாட்டு நிகழ்ச்சி நடத்தியது. சக்கரத்தைச் சுற்று, கேள்விக்குப் பதில் சொல், பரிசை எடு. கேள்விகளை நான் எழுதினேன். கவிதை எழுதுகிறவனுக்குக் கேள்வி சுலபமாக வரும் என்று சேனல் ஓனர் நினைத்தார். பதிலும் எழுத வேண்டும் என்பதுதான் எனக்குப் பேஜாராக இருந்தது.

ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவில், நெடுஞ்சாலை ஓரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் படப்பிடிப்பு. முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மண்டபம் எங்களுக்குக் கிடைக்கும். ஊரில் கல்யாணம் ஜாஸ்தியானால் எங்கள் கேள்வி கம்மி. முந்தின நாள் கல்யாணத்தின் பன்னீர் வாசனை மேடையில் இருக்கும். நாற்காலிக்கடியில் யாரோ ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு இருக்கும். அதற்கு நடுவில் எங்கள் அரண்மனை எழும்பும்.

அரண்மனையைக் கட்டியவர் பஷீர் பாய். ஷூ கடைகளுக்கு ரேக் அடிக்கிறவர். முன்பக்கம் தெர்மாகோல் தூண், ஜிகினாத் தாள், நீலமும் தங்கமுமாக அலை அலையாய் வண்ணம். பின்பக்கம் வந்தால் வெளிநாட்டுக்கு ஷூ போகிற அட்டைப்பெட்டிகள். எல்லாவற்றிலும் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. அவசரத்தில் ஒட்டியதில் பாதி அம்புகள் தரையைக் காட்டின. "டிவில பாத்தா ராஜா மகால், பின்னால வந்தா குடோன். நம்ம எல்லாரும் அப்படித்தான் பாய்," என்பார் அவர். எல்லாரையும் அவர் பாய் என்றுதான் கூப்பிடுவார்.

சக்கரத்தின் பேரிங்கை, தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் கழித்துப் போட்ட டிரம்மிலிருந்து பாய் கழற்றி வந்திருந்தார். சுற்றிவிட்டால் லேசில் நிற்காது. விளக்குச் சூட்டில் அதிலிருந்து பழைய தோல் வாசனை மெல்ல வரும். வெளியூர்க்காரர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது வீட்டு வாசனை. சக்கரம் சுற்றும்வரை மாஸ்டர் வாசிக்க வேண்டும். பதிவு செய்த இசை கிடையாது. சக்கரம் வேகமாக ஓடினால் அவரும் ஓடுவார். தளர்ந்து, இந்தக் கட்டமா அடுத்த கட்டமா என்று ஒவ்வொரு ஆணியாகத் தட்டித் தட்டி நகரும்போது அவரும் ஒவ்வொரு சுரமாக, கல் மேல் கால்வைத்து ஆறு தாண்டுகிறவர்போல் நகர்வார். சக்கரம் நின்ற இடத்தில் அவர் விரல் நிற்கும். ஒரு நாளும் முந்தியதில்லை.

அட்டைச் சுவருக்குப் பின்னால் இரண்டு நாற்காலிகள். ஒன்று அவருக்கு, இன்னொன்று எனக்கு. சுவரில் ஒரு விரல் அகலக் கீறல். அது வழியாகப் பதில் சொல்கிறவரின் முகம் எங்களுக்குத் தெரியும். எங்களை அவருக்குத் தெரியாது. என் மடியில் இரண்டு அட்டைகள். பதில் சரியென்றால் பச்சையைத் தூக்குவேன், மாஸ்டர் உடனே மணி ஓசை எழுப்புவார். தப்பென்றால் சிவப்பு. சிவப்பைப் பார்த்ததும்தான் அந்த மழைப் பார்வை வரும்.

கேள்வித்தாளை அவரிடம் முன்கூட்டியே காட்ட ஒருமுறை நீட்டினேன். வாங்கவில்லை.

"எனக்குப் பதில் தெரியக் கூடாது கவிஞரே. தெரிஞ்சா விரலுக்கு வந்துடும்."

அந்தக் கீபோர்டுக்கு வயது அதிகம். நடுவில் ஒரு கட்டை அழுத்தினால் எழுந்து வராது. அதற்கடியில் தோல் துண்டு ஒன்றைச் சீவி வைத்திருந்தார். உறையும் தோல்தான். பழுப்பு, கறுப்பு, கருஞ்சிவப்பு, ஒரு விநோதமான பச்சை என்று நாலு நிறக் கழிவுத் தோல்களை ஒட்டுப்போட்டுத் தானே தைத்தது. தோளில் மாட்டிக்கொண்டு அவர் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஏதோ நாலு கால் பிராணியைத் தூக்கி வருகிறார் என்று தோன்றும்.

பகலில் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் அவருக்கு அசார்ட்டிங் வேலை. அதாவது, முடிந்து வரும் தோல்களைத் தரம் பிரிப்பது. ஒரு சனிக்கிழமை மதியம், மறுநாள் படப்பிடிப்பின் நேரம் மாறியதைச் சொல்ல அங்கே போனேன். செல்போனை டிபன் டப்பாவோடு அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிற மனிதர். நேரில் போனால்தான் உண்டு.

பெரிய ஜன்னல்கள். நீள மேஜைகள். மற்ற மேஜைகளில் தோல் சீட்டுக்கட்டுபோல் பறந்தது: ஒன்று, இரண்டு, மூன்று, ரிஜெக்ட். அவர் மேஜையில் மட்டும் ஒரு தோல் ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய்த் திரும்பி வந்து, மறுபடி ஜன்னலுக்குப் போனது.

"இங்க பாருங்க கவிஞரே." என் ஆட்காட்டி விரலைப் பிடித்து ஒரு கோட்டின் மேல் ஓட்டினார். "முள்ளுக்கம்பி. வேலி தாண்டியிருக்குது. இது உண்ணி கடிச்சது. இது இன்னா தெரியுமா? சூடு. நோவு வந்தப்ப வச்சிருப்பாங்க."

"இது என்ன தரம் மாஸ்டர்?"

"ரிஜெக்ட்தான்." சொல்லிவிட்டு உள்ளங்கையால் இன்னொரு தடவை நீவினார். "பாவம், இதால வாயத் தொறந்து, இன்னொரு வாட்டி பாருப்பான்னு சொல்ல முடியாது. மனுசனால முடியும்ல?"

தூரத்திலிருந்து சூப்பர்வைசர் கத்தினான்: "மாஸ்டர், அது ஷூ ஆகணும். நீங்க இன்னா பொண்ணு பாக்க வந்த மாதிரி பாத்துக்கினு இருக்கீங்க!"

மேஜைகள் எல்லாம் சிரித்தன. அவரும் சிரித்தார். சிரித்தபடியே அதை ரிஜெக்ட் அடுக்கில் வைத்தார். போடவில்லை, வைத்தார். அவருடைய ஞாயிற்றுக்கிழமைகளின் தாமதம் எங்கே விளைகிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது.

அந்தத் தாமதத்தை ஊர் முதலில் கண்டுகொண்டது ஒரு பஸ் கண்டக்டரால். எறும்புக்கு எத்தனை கால் என்பது கேள்வி. "எட்டு!" என்றார் கண்டக்டர், விசில் அடிக்கிற உறுதியோடு. நான் சிவப்பைத் தூக்கினேன். மாஸ்டர் மழை பார்த்தார். ஒரு விநாடி. கண்டக்டரின் முகம் மாறியது. "இல்ல, ஆறு! ஆறு!"

தொகுப்பாளர் ஜான்சி திகைத்துப் போனார். மேடையில் ஒரே கூச்சல். எதிர்ப் போட்டியாளர், "ஒரு தடவ சொன்னா சொன்னதுதான்" என்றார். கண்டக்டர் விடவில்லை. "தப்புன்னு மியூசிக் வந்துச்சா? வரலல்ல? அப்ப எம்பதில் இன்னும் முடியலம்மா." எப்படி மாற்றத் தோன்றியது என்று ஜான்சி கேட்டதற்கு அவர் சொன்னதுதான் அருமை: "பஸ்ல பேசிக்கினே வர்றவன் திடீர்னு சும்மா ஆனான்னா டிக்கெட் எடுக்கலன்னு அர்த்தம். சத்தம் வரலன்னதும் எனக்குப் புரிஞ்சிபோச்சி."

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. ஓனர் கணக்குப் போடுகிற மனிதர் இல்லை, கைதட்டல் கேட்கிற மனிதர். அங்கேயே அதை விதியாக்கினார். மறுவாரத்திலிருந்து ஜான்சி நிகழ்ச்சியைத் தொடங்கும்போதே கையை உயர்த்திச் சொல்வார்: "ஓசை விழுற வரைக்கும் பதில் உங்க கையில! மாத்துறது மட்டும் ஒரே வாட்டி!" ஜனங்களும் கூடவே சொல்வார்கள். பள்ளிப் பிள்ளைகள் பரீட்சைக்குப் போகும்போதுகூட அதைச் சொல்லிக்கொண்டு போனதாகக் கேள்வி.

மூன்றே மாதத்தில் ஊர் மாஸ்டரைப் படித்துவிட்டது. பதில் சரியென்றால் மணி உடனே வரும். உடனே வரவில்லையென்றால் தப்பு. ஷேர் ஆட்டோவில் என் பக்கத்தில் இருந்தவர் தன் மனைவிக்கு விளக்கிக்கொண்டு வந்தார்: "மாஸ்டர் சும்மா இருந்தா மாத்திடணும். அவ்ளோதான் விளையாட்டு."

இதை அவரிடம் சொன்னேன். கொஞ்சம் குற்றம்சாட்டும் குரலில்தான் சொன்னேன். முந்தின வாரம் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர், தெரிந்தவனுக்கு ஒரு வாய்ப்பு, தெரியாதவனுக்கு இரண்டா என்று என்னிடம் சண்டை பிடித்திருந்தார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பதினைந்து வருஷம் கழித்தும் இருக்கிறது.

"நீங்க சும்மா இருந்தா தப்புன்னு ஊருக்கே தெரியுது மாஸ்டர்."

"தெரியட்டுமே." பிளாஸ்கிலிருந்து டீயை மூடியில் ஊற்றி எனக்கு நீட்டினார். "இருக்கட்டும் கவிஞரே, இருக்கட்டும். தெரியாததுக்கு அந்தாளு ரெண்டாவது தபா யோசிக்கிறான். நாம இன்னா பரீட்சையா நடத்துறோம்?"

'இருக்கட்டும்' என்பதை அவர் எப்போதும் இரண்டு தடவை சொல்வார். முதலாவது எதிராளிக்கு. இரண்டாவது தனக்கு.

ஒரு ஞாயிறு நடுவில் கரண்ட் போயிற்று. கேமரா பேட்டரியில் ஓடியது. கீபோர்டு ஊமையாகிவிட்டது. ஜான்சி நிறுத்தலாமா என்று சைகை காட்ட, ஓனர் ஓட்டு என்றார். ஒரு வாழைத்தோட்டக்காரர் தப்பாக ஒன்று சொன்னார். சிவப்பைத் தூக்கினேன். சுவருக்குப் பின்னாலிருந்து, இரண்டு விநாடி கழித்து, மாஸ்டர் வாயாலேயே "டொய்ங்" என்றார். முன்வரிசையில் இருந்த கிழவி சிரித்த சிரிப்பில் பல்செட்டே கையில் வந்துவிட்டது. வாயில் வாசித்தபோதும் அந்த இரண்டு விநாடியை மாஸ்டர் விடவில்லை என்பதுதான் எனக்கு நினைவிருக்கிறது.

இனி கோமதியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பேரணாம்பட்டுப் பக்கம். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற பிரிவு. பண்டிகைக்காலச் சிறப்பு நிகழ்ச்சி அது. ஒரு தையல் மிஷின் கடைக்காரர் மோட்டார் வைத்த பவர் மிஷின் ஒன்றைப் பெரிய பரிசாகக் கொடுத்திருந்தார். மேடை ஓரத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் அது நின்றது. ஜான்சி வழக்கம்போல், ஜெயித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். மற்றவர்கள் சிரித்து மழுப்பும் கேள்வி.

கோமதி சொன்னாள்: "ஆறரைக்கு கம்பெனி பஸ் வந்துடும் மேடம். நான் ஏறும்போது எம்பொண்ணு தூங்கினு இருப்பா. நான் வரும்போதும் தூங்கிடுவா. மிஷின் கெடச்சா வீட்டுலயே வேல வாங்கித் தைப்பேன். அவ முழிச்சிருக்கும்போது பாப்பேன்."

அட்டைச் சுவருக்குப் பின்னால் மாஸ்டர் தன் சட்டையின் மேல் பட்டனைத் திருகினார். அவருக்கு ஏதாவது மனதில் பட்டால் அந்தப் பட்டன் பாடுபடும்.

ஏழு கேள்விகள். ஏழுக்கும் சரியான பதில். சக்கரத்தை அவள் மெதுவாகத்தான் சுற்றினாள், துணியை நகர்த்துகிற கையால். எட்டாவது, கடைசிக் கேள்வியை மூன்று உறைகளிலிருந்து போட்டியாளரே எடுக்க வேண்டும். இரண்டில் நான் கஷ்டமான கேள்விகளை வைத்திருந்தேன். மூன்றாவதை அலுப்பில், கைக்கு வந்ததை எழுதி முடித்திருந்தேன். அவள் எடுத்தது மூன்றாவது.

ஜான்சி படித்தார்: "பச்சைத் தோல் கெட்டுப்போகாம இருக்க முதல்ல எதைப் போடுவாங்க?"

மண்டபமே சிரித்தது. எங்கள் ஊர்களில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் இதற்குப் பதில் தெரியும். கோமதிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"உப்பு," என்றாள்.

பச்சை அட்டையைத் தலைக்கு மேல் தூக்கினேன். மாஸ்டர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு வெளிச்சம். மணி ஓசைக்குப் போன விரல் பாதியில் நின்றது. 'பொறுங்க' என்று கண்ணாலேயே என்னிடம் சொன்னார். இந்தப் பெண்ணுக்கு அந்த வழக்கமான மணி போதாது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. டிரம்பெட் வேண்டும். ஊரே எழுந்து நிற்கிற மாதிரி ஒரு முழு வரிசை டிரம்பெட். பழைய கீபோர்டில் ஒரு சத்தத்திலிருந்து இன்னொரு சத்தத்துக்குப் போக மூலையில் ஒரு பொத்தானை அழுத்தி, பிறகு இரண்டு எண்களைத் தட்ட வேண்டும். அழுத்தினார். ஓர் எண் தட்டினார்.

சுவருக்கு அந்தப் பக்கம் எந்த ஓசையும் போகவில்லை.

கீறல் வழியாக அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு ஓரத்திலிருந்து சுருங்கத் தொடங்கியிருந்தது. மண்டபமும் அடங்கிவிட்டது. மாஸ்டர் சும்மா இருக்கிறார். மாஸ்டர் சும்மா இருந்தால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். பிறந்ததிலிருந்து தெரிந்த பதிலைவிட அந்த அமைதியை அவள் அதிகம் நம்பினாள்.

"சுண்ணாம்பு," என்றாள். "இல்ல மேடம், சுண்ணாம்பு!"

மாஸ்டரின் விரல் கட்டைக்கு ஒரு நூல் மேலே நின்றது. இரண்டாவது எண்ணையும் தட்டி முடித்திருந்தார். டிரம்பெட் தயாராக இருந்தது.

சுண்ணாம்பு அடுத்த கட்டம், முடி உதிர்க்கப் போடுவது. மாற்றுவது ஒரே வாட்டி. பச்சையை இறக்கினேன். சிவப்பைத் தூக்கியதும் என் கைதான். தூக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன். ஒன்றும் ஆகியிருக்காது, வேறு யாராவது சொல்லியிருப்பார்கள். ஆனாலும் கை என்னுடையது.

அவர் வாசிக்கவில்லை. இரண்டு விநாடி தாண்டி, ஐந்து, பத்து. ஜான்சி சுவரைப் பார்த்தார். ஓனர் கையை ஆட்டினார். மாஸ்டர் மெதுவாக, திரும்பவும் அந்தப் பொத்தானை அழுத்தி, எண்களைத் தட்டி, பழைய சத்தத்துக்கு வந்து, இடது ஓரத்துக் கட்டைகளை அழுத்தினார். அந்த ஓசை அன்றைக்கு விழவில்லை. நிரம்பிய டம்ளரைத் தரையில் வைப்பதுபோல் அதை வைத்தார்.

பிறகு எழுந்து, அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தார். சுவரைச் சுற்றிக்கொண்டு கேமரா முன்னால் போய் நின்றார். காலில் செருப்பில்லை. "சார், அந்தப் பொண்ணு சரியாத்தான் சொல்லிச்சு. தப்பு என்னுது. நான் வேற சத்தம் மாத்தினு இருந்தேன்."

ஓனர் கெட்டவர் இல்லை. அவர் முகமும் வாடித்தான் இருந்தது. "இன்னிக்கு நான் குடுத்தா, இதுக்கு முன்னாடி மாத்தித் தோத்தவங்க எல்லாம் நாளைக்கு ஆபீஸ் வாசல்ல நிப்பாங்க. மாத்தலாம்னு ரூல் வந்ததே உங்களாலதான மாஸ்டர்?"

கோமதி மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தாள். இவ்வளவு நாள் டிவியில் கேட்ட ஓசைக்கு ஒரு முகம் இருப்பதை அப்போதுதான் பார்க்கிறாள்.

"ஏன் மாஸ்டர் சும்மா இருந்தீங்க?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பார். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவர் பட்டனைத் தேடினார். பட்டன் அன்றைக்கு அறுந்தே போயிற்று.

அடுத்த ஞாயிற்றிலிருந்து தப்புக்கு ஓசை உடனே விழுந்தது. என் சிவப்பு அட்டை முழுதாக எழும்புவதற்குள் விழுந்தது. நிகழ்ச்சி சுறுசுறுப்பாகிவிட்டது என்று ஓனருக்குத் திருப்தி. ஜான்சிக்குத்தான் மனம் ஒப்பவில்லை. "கொஞ்சம் மூச்சு விட விடுங்க மாஸ்டர், பயந்துபோறாங்க," என்றார்.

"மூச்சு விட்டதுலதாம்மா வந்தது," என்றார் அவர். அந்த வாரம் பிளாஸ்கில் டீ கொண்டுவரவில்லை.

பஷீர் பாய்தான் இன்னொரு சேதி கொண்டுவந்தார். கம்பெனி பஸ்ஸில் கோமதிக்குப் பெயரே மாறிவிட்டதாம். 'சுண்ணாம்பு ஏறிட்டாளா பாரு.' 'சுண்ணாம்புக்கு ஒரு சீட்டு விடு.' தோல் ஊரில் பிறந்து, தோல் தைத்துச் சாப்பிடுகிறவள், உப்பு என்று சொல்லத் தெரியாமல் போனாள் என்பது அவர்களுக்கு வருஷம் முழுக்கத் தின்னத் தீராத பொரி. மாஸ்டர் கேட்டுக்கொண்டே கீபோர்டைத் துடைத்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

தோற்றவர்கள் ஒரு வருஷம் கழித்து மறுபடி கலந்துகொள்ளலாம். வருஷம் முடிந்த வாரமே சேனலுக்குப் போன் வந்தது. ஓனர் ஸ்பீக்கரில் போட்டார்.

"நான் வர்றேன் சார். ஆனா பொட்டி வாசிக்கிறவரு என் கண்ணு முன்னால உக்காரணும். அவர் கை எனக்குத் தெரியணும்."

ஓனருக்கு அது நல்ல காட்சியாகப் பட்டது. பஷீர் பாய் தோல் வெட்டுகிற கத்தியால் அட்டைச் சுவரில் சதுரமாக ஒரு ஜன்னல் அறுத்தார். விளிம்புக்கு ஜிகினா ஒட்டினார். "ஒரு வருசமா மூடி வச்ச குடோனுக்கு இன்னிக்குத்தான் காத்து வருது பாய்," என்றார். மாஸ்டர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். எல்லாப் பட்டனும் இருந்தது. நகக் கண்ணில் ஏறிய சாயத்தை எலுமிச்சைத் தோலால் தேய்த்துக்கொண்டே இருந்தார், அது போகவில்லை. நான் ஜன்னலுக்கு ஓரமாக, அவருக்கு மட்டும் தெரிகிற இடத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன்.

கோமதி வந்தாள். மிஷின் இந்த வருஷமும் ஓரத்தில் பிளாஸ்டிக் உறையோடு நின்றது. ஒவ்வொரு பதிலையும் ஜான்சியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, உடனே கண்ணை ஜன்னலுக்குத் திருப்புவாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளை மட்டும். ஏழு பதில், ஏழு மணி. எட்டாவது உறை.

"ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்?"

கொஞ்சம் யோசித்தாள். "ஒண்ணு மேடம். எல்லாத்துக்கும் ஒண்ணுதான?"

நான் சிவப்பைத் தூக்கினேன். மாஸ்டரின் வலது கை மடியில் இருந்தது. இடது கை ஓரத்துக் கட்டைகளின் மேல். ஒரு வருஷமாகக் கத்திபோல் இறங்கிய கை அது. அதற்கு முந்தி மழை பார்த்த கை. இரண்டில் எதுவாக இருக்கப்போகிறது என்று எனக்குத் தெரியவில்லை. மண்டபத்தில் யாருக்கும் தெரியவில்லை. மிஷின் அங்கே நிற்கிறது, குழந்தை பார்வையாளர் வரிசையில் யாரோ மடியில் விழித்திருக்கிறது, ஒரே ஒரு விநாடி சும்மா இருந்தால் அவள் மாற்றிவிடுவாள்.

அவர் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே அழுத்தினார். இடைவெளி இல்லாமல்.

டொய்ங்.

கோமதி நிறுத்தி வைத்திருந்த மூச்சை விட்டாள். தலையை ஒருமுறை அசைத்தாள், சரியாகத் தைத்த வரிசையைப் பார்த்து அசைப்பதுபோல்.

"மூணு இதயங்க," என்றார் ஜான்சி வருத்தத்தோடு.

"மூணா? மூண வச்சிக்கினு அது இன்னா மேடம் பண்ணும்? நமக்கு ஒண்ணயே சமாளிக்க முடியல!"

மண்டபம் அதிர்ந்தது. அன்றைக்கு மிக நீளமான கைதட்டல் தோற்றவளுக்குத்தான் கிடைத்தது. பவர் மிஷின் உறையோடு வேனில் ஏறியது.

எல்லாம் முடிந்து பையன்கள் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். சமையல்கட்டிலிருந்து எங்களுக்கான பிரியாணி வாசனை வந்தது. மாஸ்டர் நாலு நிறத் தோல் உறையை எடுத்துக் கீபோர்டில் போடப் போனார். இடுப்பில் பெண்குழந்தையோடு கோமதி பின்பக்கம் வந்தாள். அட்டைப்பெட்டி அம்புகளையும், கயிறுகளையும், எங்கள் இரண்டு நாற்காலிகளையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"மூடாதீங்க மாஸ்டர். போன வருசம் வேற சத்தம் மாத்தினு இருந்தேன்னு சொன்னீங்கல்ல, அது இன்னா?"

அவர் என்னைப் பார்த்தார். அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அவர் அந்தப் பொத்தானைத் தொட்டதே இல்லை.

"அது... சும்மா, ஒரு டிரம்பெட்டும்மா."

"வாசிங்க, கேப்போம். நான் சொல்றேன், நீங்க வாசிங்க."

குழந்தையை இறக்கிவிட்டு, முன்பக்கம் சுற்றிப் போய், ஜன்னலுக்கு நேராக, காலையில் நின்ற அதே இடத்தில் நின்றாள். விளக்குகளை அணைத்திருந்தார்கள். மண்டபத்து ஜன்னல்களின் சாதாரண மதிய வெளிச்சம் அவள் மேல் விழுந்தது.

"உப்பு," என்றாள்.

மாஸ்டர் மூலையில் இருந்த பொத்தானை அழுத்தினார். முதல் எண்ணைத் தட்டினார். ஓசை ஒன்றும் இல்லை. மடக்குகிற நாற்காலியைப் பையன்கள் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்கள். இரண்டாவது எண் எந்தக் கட்டத்தில் என்று அவர் விரல் தேடியது. அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, அவர் கையையே பார்த்தபடி, மாற்றாமல் நின்றாள்.

பிறகு டிரம்பெட் விழுந்தது.